சிவகாசியிலிருந்து முதல் கண்டெய்னர்: கிஃப்ட் பாக்ஸ் முழுவதையும் 1.4ஜி என்று அனுப்பலாமா?

வெம்பக்கோட்டையான் கேட்டது:

வணக்கம். சிவகாசிப் பக்கத்துத் தொழிற்சாலைச் சரக்கு, 20 அடி கண்டெய்னரில் தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க் போக வேண்டும். உள்நாட்டு லோடு பழக்கம் உண்டு. கடல் வழி இதுதான் முதல் தடவை. சரக்கு விவரம்:

கம்பி மத்தாப்பு: நைட்ரேட் மருந்து, ஒன்றுக்கு 12 கிராம், பெட்டிக்கு 10
புஸ்வாணம்: ஒன்றுக்கு 60 கிராம் மருந்து
தரைச்சக்கரம்: ஒன்றுக்கு 15 கிராம், சத்தமோ விசிலோ கிடையாது
ராக்கெட்: மொத்த மருந்து 28 கிராம், அதில் ஃப்ளாஷ் (பளிச்சென்று வெடித்துச் சத்தம் தரும் மருந்து) 10 சதவீதத்துக்குள்
அணுகுண்டு: ஃப்ளாஷ் மருந்து 1.5 கிராம், பெட்டிக்கு 10

மத்தாப்பும் புஸ்வாணமும் தனிக் கேஸாகவும் போகும். ஐந்தும் சேர்ந்த கிஃப்ட் பாக்ஸாகவும் போகும். வாங்குபவர் எல்லாவற்றையும் யுஎன் 0336 (ஐநாவின் அபாயச் சரக்கு எண்), 1.4ஜி (ஆபத்து குறைந்த பட்டாசு வகை) என்று போடச் சொல்கிறார். "எஃப்2 சான்றிதழ் வாங்கிவிட்டால் 1.4ஜி தானே" என்பது அவர் வாதம். சரக்கு முகவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், விழாப் பொருள் என்று எழுதினால் வாடகை பாதிதான் என்கிறார். இரண்டில் எது சரி? கேஸ், கண்டெய்னர், காகிதம் இவற்றில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

---

வகைப்பாடு எழுதியது:

இரண்டுமே சரியில்லை. முகவர் சொன்னதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் வாங்குபவர் வாதம்.

எஃப்1 முதல் எஃப்4 வரை உள்ள பிரிவு ஐரோப்பியச் சந்தைக்கானது. யார் வாங்கலாம், எந்த வயதில், எவ்வளவு தூரத்தில் நின்று கொளுத்தலாம் என்பதைச் சொல்வது. 1.1ஜி (மொத்தமாக வெடிப்பது), 1.3ஜி (பெரும் தீ), 1.4ஜி (சிறு ஆபத்து) என்பவை போக்குவரத்து வகைகள். கேஸ் கேஸாக அடுக்கி வைத்த சரக்கில் தீப்பிடித்தால் மொத்த அடுக்கும் என்ன செய்யும் என்பதை அவை சொல்கின்றன. ஒரே பட்டாசு எஃப்2 ஆகவும் 1.3ஜி ஆகவும் இருக்கலாம். சிஇ முத்திரை (ஐரோப்பியச் சந்தைக்கான அடையாளம்) வேண்டியதுதான், ஆனால் அது போக்குவரத்து வகைப்பாட்டுக்கு மாற்று ஆகாது.

வகைப்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று ஐநா சோதனை வரிசை 6: ஒரு கேஸ், கேஸ் அடுக்கு, வெளித்தீ என்று அடுத்தடுத்த சோதனைகள். மற்றது ஐநா மாதிரி விதிகளில் உள்ள பட்டாசு இயல்பு அட்டவணை. மருந்தின் எடை, ஃப்ளாஷின் பங்கு, உருவளவு மூன்றையும் வைத்துச் சோதனை இல்லாமலே வகை சொல்லலாம். அந்த அட்டவணை 4ஜி (இது பெட்டி ரகத்தின் குறி, 1.4ஜி அல்ல) அட்டைப்பெட்டியில் அடைத்த சரக்குக்கு மட்டும்தான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் சரக்கை அதில் வைத்துப் பார்க்கிறேன். நைட்ரேட் கம்பி மத்தாப்பு ஒன்றுக்கு 30 கிராம் வரை 1.4ஜி, எனவே 12 கிராமுக்குச் சிக்கல் இல்லை. பெர்குளோரேட் மத்தாப்பாக இருந்தால் கணக்கே வேறு: ஒன்று 5 கிராமைத் தாண்டினாலோ, பெட்டியில் 10-க்கு மேல் இருந்தாலோ 1.3ஜி. புஸ்வாணம் 1 கிலோவுக்குள் இருந்தால் 1.4ஜி. 15 கிராம் சக்கரமும் 1.4ஜி.

ராக்கெட்டில்தான் முதல் இடறல். 1.4ஜி ஆக வேண்டுமானால் மொத்த மருந்து 20 கிராமுக்குள் இருக்க வேண்டும், வெடிப்பு மருந்து கரிமருந்தாக இருக்க வேண்டும், ஃப்ளாஷ் ஒரு வெடிக்கு 0.13 கிராமும் மொத்தத்தில் 1 கிராமும் தாண்டக் கூடாது. உங்களுடையது 28 கிராம். ஃப்ளாஷ் 25 சதவீதத்துக்குள் இருப்பதால் 1.3ஜி.

அணுகுண்டு அதைவிட மோசம். ஒன்றில் 2 கிராமுக்கு மேல் ஃப்ளாஷ் இருந்தால் நேராக 1.1ஜி. 2 கிராமுக்குள் இருந்து, உள்பெட்டி ஒன்றில் மொத்த ஃப்ளாஷ் 10 கிராமைத் தாண்டாவிட்டால் 1.3ஜி. ஒன்றுக்கு 1 கிராமுக்குள் இருந்து, உள்பெட்டிக்கும் அதே 10 கிராம் வரம்பு இருந்தால் 1.4ஜி. உங்கள் கணக்கில் ஒன்றுக்கு 1.5 கிராம், பெட்டிக்கு 10, ஆக 15 கிராம். உள்பெட்டி வரம்பு உடைந்துவிட்டது. அட்டவணைப்படி 1.3ஜி-க்குள்ளேயே வராது. சோதனை முடிவு இல்லாமல் இதை அனுப்ப வழியில்லை.

இப்போது கிஃப்ட் பாக்ஸ். ஒரே பொதியில் பல வகைப் பட்டாசு இருந்தால், அதில் ஆபத்து கூடிய பொருளின் வகைதான் மொத்தப் பொதிக்கும். சோதனை முடிவு வேறாகச் சொன்னால் மட்டும் விலக்கு. பெட்டியில் முக்கால் பங்கு மத்தாப்பாக இருந்தாலும், பத்து அணுகுண்டு உள்ளே போனதும் மத்தாப்பு வகை போய்விடுகிறது. சராசரி எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

செய்யக்கூடியது: கிஃப்ட் பாக்ஸிலிருந்து அணுகுண்டையும் 28 கிராம் ராக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். சத்தம் கட்டாயம் வேண்டும் என்று வாங்குபவர் நின்றால், 1 கிராமுக்குள் உள்ள, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற தயாரிப்பை மட்டும் வையுங்கள். ஏற்றுமதிக்காக மருந்து அளவை மாற்றினால் அது புதுத் தயாரிப்பு, அங்கீகாரமும் புதிதாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. அட்டவணையைப் பார்த்து நீங்களே வகையை முடிவு செய்து எழுதிவிட முடியாது. வகைப்பாட்டை அங்கீகரிப்பது அரசு அமைப்பு. இங்கே அது பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு), அதன் தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி. யுஎன் 0333 முதல் 0337 வரையுள்ள பட்டாசுக்கு அந்த வகைப்பாட்டுக் குறிப்பு எண்ணும் கப்பல் ஆவணத்தில் வர வேண்டும். பாதுகாப்புத் தரவுத் தாளில் 1.4ஜி என்று அச்சடித்திருக்கிறது என்பது சான்று ஆகாது; அதை எழுதியவர் தயாரிப்பாளரேதான்.

---

அட்டைக்கேஸ் எழுதியது:

கேஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பட்டாசுக்கான அடைப்பு முறை பி135. உள்ளே காகிதப் பை, பிளாஸ்டிக் பை, அட்டைப்பெட்டி எதுவும் ஆகும். வெளியே சோதித்து முத்திரையிட்ட கேஸ் வேண்டும். இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தில் சோதித்து வாங்கும் முத்திரை இந்த மாதிரி இருக்கும்: யுஎன் வட்டக் குறி, 4ஜி/ஒய்18/எஸ், தயாரித்த ஆண்டு, ஐஎன்டி (இந்தியா), பிறகு சான்று எண். 4ஜி என்றால் அட்டைப்பெட்டி. எஸ் என்றால் திடப்பொருள் அல்லது உள்பெட்டிகள். 18 என்பது அடைத்து முடித்த கேஸின் மொத்த எடை உச்சவரம்பு, கிலோவில். 18.6 கிலோ வந்தால் அந்த முத்திரை செல்லாது. உற்பத்தி ஆரம்பிக்கும் முன்பே உண்மையான சரக்கை அடைத்து எடை போட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் அட்டையும் ஈரம் இழுத்து எடை கூடும் என்பதால், கொஞ்சம் இடைவெளி விட்டே எடையைக் குறியுங்கள்.

ஒய் என்பது அடைப்புத் தொகுதி இரண்டின் (நடுத்தர ஆபத்து) தரம், வகை 1 (வெடிபொருள்) சரக்குக்கு வேண்டியது. 1.2 மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து கேஸைப் போடுவார்கள்: அடிப்பக்கம், மேல்பக்கம், நீளப் பக்கம், அகலப் பக்கம், மூலை. வெளிக்கேஸ் கிழிந்து பட்டாசோ மருந்தோ வெளியே சிந்தக் கூடாது. பிறகு 3 மீட்டர் அடுக்குக்குச் சமமான பாரத்தில் 24 மணி நேரம் நிற்க வேண்டும். வெளி அட்டை 30 நிமிடத்தில் சதுர மீட்டருக்கு 155 கிராமுக்கு மேல் தண்ணீர் இழுக்கக் கூடாது.

எங்கே தவறுகிறார்கள் என்றால், சான்று ஒரு வடிவமைப்புக்குத்தான். ப்ளை எண்ணிக்கை, அட்டையின் எடை, உள்பெட்டி அடுக்கு, ஒட்டும் டேப்பின் அகலம் எல்லாம் சோதனை அறிக்கையில் இருக்கும். சீசன் நெருக்கத்தில் வேறு அச்சகத்தில் அதே அளவில் கேஸ் அடித்து, முத்திரையை மட்டும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கண்டெய்னர் அடியில் இருக்கும் வரிசை கப்பலில் நசுங்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

பின் அடிக்காதீர்கள். பூச்சு இல்லாத ஆணி, ஸ்டேப்பிள் எதுவும் கேஸின் உட்புறம் ஊடுருவக் கூடாது என்பது விதி. மருந்துத் தூசு இருக்கும் இடத்தில் இரும்பு முனை உரசினால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்தால் மருந்து சிந்தாத உள்பெட்டி முக்கியம். புஸ்வாணத்தின் அடி மண் தளர்ந்திருந்தால் நீண்ட பயண அதிர்வில் மருந்து கசியும். கேஸைத் தலைகீழாக்கி நன்றாகக் குலுக்கிவிட்டு உள்ளே வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். தூசு விழுந்தால் அந்தத் தொகுதியே வேண்டாம். உறை போடும் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேராத ரகம் கேட்டு வாங்குங்கள்.

ஈரமும் சாதாரண விஷயம் இல்லை. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்தில் தண்ணீர் பட்டால் சூடு கிளம்பும். நனைந்த கேஸைக் காயவைத்து மறுபடி ஏற்றுவது கூடவே கூடாது.

லேபிள் 100 மி.மீ. சதுரம், ஆரஞ்சு நிறம். 1.4-க்கு வெடிகுண்டுப் படம் வராது, பெரிய எழுத்தில் 1.4, அதன் கீழே ஜி, அடிமுனையில் 1.

---

வெம்பக்கோட்டையான்:

அண்ணாச்சி இருவருக்கும் நன்றி. கிஃப்ட் பாக்ஸ் கணக்கு இப்போதுதான் பிடிபட்டது. இடையில் ஒரு கேள்வி. வாங்குபவர் முன்கூட்டியே சாம்பிள் 5 கிலோ கேட்கிறார். கூரியரில் விமானத்தில் போகுமா? 1.4எஸ் என்றால் எளிது என்கிறார்கள்.

---

வகைப்பாடு:

1.4ஜி, அதாவது யுஎன் 0336, பயணி விமானத்தில் அறவே கூடாது. சரக்கு விமானத்தில் மட்டும், ஒரு பொதிக்கு 75 கிலோ வரை. 1.3ஜி, 1.2ஜி, 1.1ஜி பட்டாசுக்கு எந்த விமானமும் கிடையாது. 1.4எஸ், யுஎன் 0337 என்றால் பயணி விமானத்தில் பொதிக்கு 25 கிலோவும் சரக்கு விமானத்தில் 100 கிலோவும் அனுமதி உண்டு. விமான நிறுவனமும் அந்தந்த நாடும் இதைவிடக் கடுமையாக மறுக்கலாம். பெரும்பாலும் மறுக்கிறார்கள்.

ஆனால் 1.4எஸ் விரும்பித் தேர்ந்தெடுக்கும் வகை இல்லை. தற்செயலாகப் பற்றினாலும் விளைவு பொதிக்குள்ளேயே அடங்கும் என்று சோதனையில் காட்டி, அரசு அமைப்பு அங்கீகரித்தால்தான் எஸ். 5 கிலோ சாம்பிளுக்காக அந்தச் செலவு கட்டாது. மருந்து போடாத வெற்று மாதிரி, லேபிள், பெட்டி, வீடியோ இவற்றை அனுப்புங்கள். எரியும் சாம்பிள் முதல் கண்டெய்னரோடே போகட்டும்.

சாதாரண கூரியரில், தபாலில், பஸ் பார்சலில், ரயிலில் சாம்பிள் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ரயிலில் அபாயப் பொருளைச் சட்டவிரோதமாகக் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164-ன்படி மூன்றாண்டு வரை சிறை. தண்டனையை விடப் பெரிய விஷயம், அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தங்கள் சீட்டுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

---

கண்டெய்னர்யார்டு எழுதியது:

கேஸ் வரை சொல்லிவிட்டார்கள். கண்டெய்னரிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

காலி கண்டெய்னர் வந்ததும் ஏற்ற ஆரம்பிக்காதீர்கள். உள்ளே ஆள் நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். வெளிச்சம் எங்காவது புள்ளியாகத் தெரிந்தால் ஓட்டை, திருப்பி அனுப்புங்கள். தரைப்பலகையில் ஆணி துருத்தியிருக்கிறதா, எண்ணெய்க் கறை, முந்தைய சரக்கின் தூள் இருக்கிறதா, பழைய அபாயப் பலகை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1.4 தவிர்த்த வகை 1 சரக்கானால் கண்டெய்னரின் கட்டமைப்புக்கே தனி நிபந்தனை உண்டு: மேல், கீழ் பக்கச் சட்டங்கள், மூலைத் தூண்கள், கதவு நிலை இவற்றில் 19 மி.மீ.-க்கு மேல் ஆழமான நெளிவு இருக்கக் கூடாது. 1.4-க்கு இந்த நிபந்தனை இல்லை என்றாலும் அதே அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது.

தீப்பெட்டியும் பட்டாசும் ஒரே ஊர்ச் சரக்கு என்பதால், இடம் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே கண்டெய்னரில் போடும் யோசனை வரும். கூடாது. தீப்பெட்டி யுஎன் 1944, வகை 4.1 (எளிதில் பற்றும் திடப்பொருள்). கடல் விதியில் 1.4-க்கும் 4.1-க்கும் இடையே பிரிப்பு வேண்டும், ஒரே பெட்டியில் ஏற்ற முடியாது.

அடுக்கும்போது கதவுப் பக்கம் தடுப்புக் கட்டாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. ஹாம்பர்க்கில் கதவு திறக்கிறவர் தலையில் கேஸ் விழும். இடைவெளியைக் காற்றுப்பையாலோ மரச்சட்டத்தாலோ நிரப்புங்கள். சட்டம் அடிக்கிற வேலை முழுவதும் சரக்கு ஏற்றும் முன் முடிந்துவிட வேண்டும். கண்டெய்னர் நீளத்தில் பாதிக்குள் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் விழாமல் பாருங்கள். வேலை பகல் வெளிச்சத்தில் மட்டும். லோடுமேன்களிடம் செல்போன், பீடி, தீப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது, இரும்புக் கொக்கி வேண்டாம். கேஸை எறிந்து பிடிக்கும் பழக்கத்தை முதல் கேஸிலேயே நிறுத்துங்கள்.

வெளியே நான்கு பக்கமும் 250 மி.மீ. அபாயப் பலகை.

காகிதத்தில் அடிக்கடி இடறுவது நிகர வெடிபொருள் எடை. கம்பி, அட்டை, மண் எல்லாம் கழித்து மருந்து மட்டும். உங்கள் மத்தாப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: பெட்டிக்கு 10, கேஸுக்கு 40 பெட்டி, ஒன்றுக்கு 12 கிராம். கேஸுக்கு 4.8 கிலோ. 200 கேஸுக்கு 960 கிலோ. இதை நிகர எடை என்று நினைத்துக் கம்பியையும் சேர்த்துப் போடுகிறார்கள். அபாயச் சரக்கு அறிவிப்பில் ஓர் எண், பேக்கிங் பட்டியலில் இன்னோர் எண், ஷிப்பிங் பில்லில் (சுங்க ஏற்றுமதி ஆவணம்) மூன்றாவது எண் என்று ஆகிவிடும். துறைமுகத்தில் நிறுத்த அது போதும். அறிவிப்பில் வரிசை இப்படி இருக்கட்டும்: யுஎன் 0336, ஃபயர்வொர்க்ஸ், 1.4ஜி, கேஸ் எண்ணிக்கையும் வகையும், மொத்த எடை, நிகர வெடிபொருள் எடை, வகைப்பாட்டுக் குறிப்பு எண், அவசர அட்டவணை எஃப்-பி, எஸ்-எக்ஸ் (கப்பலில் தீ, கசிவு வந்தால் செய்ய வேண்டியதன் குறி), 24 மணி நேரத் தொடர்பு எண். ஏற்றியவர் கையெழுத்திட்ட கண்டெய்னர் அடைப்புச் சான்றும் கூடவே. பெசோ ஏற்றுமதி உரிமமும் கப்பல் கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கைக்கு வரும்வரை கண்டெய்னரை அடைக்காதீர்கள். வகை 1 சரக்கையே தொடாத கம்பெனிகள் நிறைய. ஒப்புதல் தாமதமானால் அடைத்த கண்டெய்னரை நிறுத்த இடம் கிடைக்காது.

சாலைப் பகுதி தூத்துக்குடி வரை சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் அலட்சியம் இங்கேதான் அதிகம். டிரைவர் உரிமத்தில் அபாயச் சரக்கு மேற்குறிப்பு இருக்கிறதா பாருங்கள். மோட்டார் வாகன விதி 9-ன்படி மூன்று நாள் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும். வண்டியில் தீப்பொறி தடுப்பான், இரு பக்கமும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை, கேபினில் ட்ரெம் கார்டு (விபத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லும் அட்டை). கார்டு டிரைவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஒடியா மட்டும் படிக்கத் தெரிந்தவர் கையில் ஆங்கிலக் கார்டு இருந்து என்ன பயன்?

பட்டாசு லோடு பற்றுவது சரக்கால் குறைவு, டயரால் அதிகம் என்று வைத்துப் பாருங்கள். இரட்டை டயருக்கு இடையே கல் சிக்குவது, காற்றுக் குறைந்த டயர் பக்கத்து டயரோடு உரசுவது, பிரேக் பிடித்தபடியே ஓடுவது. கிளம்பும் முன்னும் வழியில் நிறுத்தும்போதும் ட்ரம்மைப் புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், வெப்பம் தெரியும். டயரிலோ இன்ஜினிலோ மட்டும் தீ என்றால் நிறையத் தண்ணீரும் பவுடர் அணைப்பானும். தீ சரக்கை எட்டிவிட்டால் அணைக்க முயலவே கூடாது. ஆளை அப்புறப்படுத்துங்கள், 1.4-க்கு 500 மீட்டர், 1.3-க்கும் 1.1-க்கும் 1600 மீட்டர். இதை டிரைவரிடம் வாயால் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இனி முகவர் யோசனை. விழாப் பொருள் என்று எழுதினால் கப்பலில் அந்தக் கண்டெய்னர் எங்கே வேண்டுமானாலும் வைக்கப்படும். எரிபொருள் தொட்டிக்கு மேலே, கொதிகலன் சுவரை ஒட்டி, பெயின்ட் கண்டெய்னருக்கு அடுத்து. தீயணைக்கப் போகும் மாலுமி சாதாரணச் சரக்கு என்று நினைத்துக் கதவைத் திறப்பார். அறிவிப்பில் கையெழுத்து உங்களுடையது, முகவருடையது இல்லை.

நெதர்லாந்தில் என்ஸ்கடே நகரில் 2000 மே 13 அன்று பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் செத்தார்கள், அதில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். குடியிருப்புக்கு நடுவே இருந்த கிடங்கு அது. அனுமதித்த வகையைவிட ஆபத்து கூடிய பட்டாசு உள்ளே இருந்தது விசாரணையில் வெளிவந்தது. மேலே சொன்ன இயல்பு அட்டவணை பிறந்ததற்கு அந்த விபத்து பெரிய காரணம். அட்டவணையின் ஒவ்வொரு கிராம் வரம்பையும் அந்த 23 பேரோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

---

வெம்பக்கோட்டையான்:

முகவரை மாற்றிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். கிஃப்ட் பாக்ஸிலிருந்து ராக்கெட்டை எடுத்துத் தனிக் கேஸில் 1.3ஜி, யுஎன் 0335 என்று போட்டு, மற்ற 1.4ஜி கேஸோடு அதே கண்டெய்னரில் அனுப்பலாமா? அணுகுண்டு இந்தத் தடவை வேண்டாம் என்று முடிவு.

---

வகைப்பாடு:

சேர்த்து ஏற்றலாம், இரண்டும் ஜி குழு (எதை எதோடு ஏற்றலாம் என்று சொல்லும் எழுத்து அது). ஆனால் கண்டெய்னர் மொத்தமும் 1.3 ஆகிவிடும். வெளிப்பலகை 1.3ஜி, கண்டெய்னர்யார்டு சொன்ன 19 மி.மீ. நிபந்தனை கட்டாயம், கப்பலில் வைக்கும் இடமும் சுருங்கும், துறைமுகமும் கப்பல் கம்பெனியும் 1.3-க்கு வேறு முகம் காட்டும். பத்துக் கேஸ் ராக்கெட்டுக்காக மத்தாப்பு முழுவதும் அந்தச் சுமையைத் தூக்கும். முதல் கண்டெய்னரில் மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் மட்டும் ஏற்றுங்கள். ராக்கெட் வேண்டுமென்றால், 20 கிராமுக்குள் உள்ள அங்கீகாரம் பெற்ற ரகம் தொழிற்சாலையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் கரிமருந்து நிபந்தனையும் ஃப்ளாஷ் 0.13 கிராம், 1 கிராம் வரம்பும் பொருந்துகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, வகைப்பாட்டுக் குறிப்பில் அந்த ரகத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அளவு சரியாக இருந்தும் ஏற்ற முடியாது.